நாற்பத்தேழாவது உருப்படி

பர்மா சாலை பங்களாவைக் காலி செய்கிறோம்.
நான் பட்டியல் எழுதுகிறவள்.
தேக்கு அலமாரி மூன்று.
பியானோ ஒன்று, உள்ளே கறையான்.
மாடிப்படி திரும்பும் இடத்தில்,
கைக்கெட்டாத உயரத்தில்,
ஒரு தலை.

ஏணியில் நின்றபடி தனேந்திரன் கேட்டான்,
"அக்கா, இது மாடா?"
கீழிருந்து தவுக்கே இங் கத்தினார்,
"ரூசா! ரூசான்னு எழுது, விலை போகும்."

எழுதவில்லை.
ரூசாவின் கொம்பு கிளைவிடும், விழும், மறுபடி முளைக்கும்.
இதற்குக் கிளையே இல்லை.
ஈரத்துணியைப் பிழிந்தாற்போல்
அடியில் இரண்டு முறுக்கு,
பிறகு நேராகப் பின்னால் போகிறது.
ஒரே தடவை முளைத்தது, சாகும்வரை கூட வந்தது,
செத்த பிறகும் விடவில்லை.

இரலை.
ஐந்தாம் படிவத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த சொல்.
முப்பது வருடம் சும்மா கிடந்துவிட்டு
இன்றைக்குத்தான் வேலைக்கு வந்தது.

மதியம், பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு
போனில் தேடினேன்.
ஈலண்ட்.
சுவர் கழுத்தோடு நிறுத்தியதைப்
போன் வால்வரை காட்டியது.

தோளில் திமில். தொண்டையில் தொங்கும் தோல்,
முழங்காலுக்கு வருகிறது.
மணல் நிற உடம்பில், சுண்ணாம்பு விரலால் இழுத்த மாதிரி
மெல்லிய வெள்ளைக் கோடுகள்.
எடை முக்கால் டன்.
எங்கள் லாரியில் நான்கு ஏற்றலாம், ஐந்தாவதற்குச் சம்மன் வரும்.
அந்த உடம்பை வைத்துக்கொண்டு
ஆள் உயர வேலியை நின்ற இடத்திலிருந்தே தாண்டுமாம்.

எட்டாத கிளையைக் கொம்பால் முறித்துத் தின்கிறது.
குட்டிகள் ஒன்றையொன்று நக்கிக்கொண்டு தனிக் கூட்டமாய்த் திரிகின்றன.
சிங்கம் வந்தால் தாய்கள் வரிசை கட்டி முன்னால் நிற்கின்றன.
கிழட்டுக் கிடாய்க்கு முடி உதிர்ந்து
கழுத்து நீலச் சாம்பலாகிவிடும். அது தனியாகப் போய்விடும்.

இன்னொன்று படித்தேன்,
குழம்பில் தோய்த்த விரலோடு இரண்டு முறை படித்தேன்:
நடந்தால் முன்னங்காலில் சொடக்கு விழுகிறது.
டக். டக்.
புல்வெளியில் வெகுதூரம் கேட்குமாம்.
வருகிறவன் எவ்வளவு பெரியவன் என்று
மற்றக் கிடாய்களுக்கு அதுவே சொல்லிவிடும்.
பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

மூன்று மணிக்கு வனவிலங்கு இலாகாவிலிருந்து என்சிக் ரொஸ்லான்.
பாரத்தில் பெயருக்கு ஒரு கட்டம்.
சுற்றிப் பார்த்தார், தாடியைத் தட்டினார்,
உள்ளேயிருந்து வைக்கோல் தூசி கொட்டியது.
"நீங்க என்ன எழுதினீங்க?"
காட்டினேன்.
தமிழில் இருந்தது.
சிரித்துவிட்டுத் தானும் போனை எடுத்தார்.

துடைத்தோம்.
பனித்துளியும் இலைச்சாறும் போதும் என்று
வாரக்கணக்கில் ஆற்றுப்பக்கம் போகாத பிராணி.
இந்தத் தீவின் ஈரம்
அதன் மூக்கில் பச்சையாய்ப் பூத்திருந்தது.
தனேந்திரன் பல்துலக்கும் பிரஷ் வாங்கி வந்தான்.
இமையோரம் அவன்தான் தேய்த்தான்,
"வலிக்குமாக்கா?" என்று
கிண்டலாய்த் தொடங்கி
கிண்டல் இல்லாமல் முடித்தான்.

இறக்கிய இடத்தில் சுவர் வெளுத்திருந்தது,
கொம்பின் நிழலோடு.

நாற்பத்தேழு. இரலை, தலை மட்டும்.
இடக்கண் கோலிக்குண்டு.
வலக்காது பாதி.
குறிப்பு என்ற கட்டத்தில்
மீதி எங்கே என்று எழுதத் தோன்றியது.
தேக்கு அலமாரிக்கு யாரும் அப்படி எழுதுவதில்லை.
விட்டுவிட்டேன்.

பாலத்தில் ஏறும்போது மழை பிடித்தது.
தார்ப்பாயை மீறிக் கொம்பு வெளியே நீட்டியிருந்ததாம்,
மோட்டார்காரன் ஒருவன் பிறை வரைக்கும்
பின்னாலேயே வந்தானாம்.

ரைஃபிள் ரேஞ்சில் லிப்ட் இன்றும் பழுது.
ஒன்பதாவது மாடி.
ஐந்தில் தொடங்கியது என் முட்டி.
டக்.
ஏழில் இரண்டும்.
டக். டக்.
கிரில் கதவுக்கு நான் சாவி எடுக்குமுன்பே
உள்ளே யாரோ
டிவி சத்தத்தைக் குறைக்கிறார்கள்.